பூசையிலிருந்து எடுத்த புத்தகம்

பட்டர்வொர்த்தில் இன்றைக்கும் சிலர் சொல்வார்கள், ஞானாம்பிகை சரஸ்வதி பூசையன்று தெய்வமான அம்மாளிடமிருந்தே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவள் என்று. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து கடலையும் அவலும் தின்றவர்கள். தின்ற வாய் சும்மா இருக்குமா? பிடுங்கினாள் என்பது சுத்தப் பொய். கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அதுவும் அவளுடைய சொந்தப் புத்தகம். ஏன் எடுத்தாள் என்பதை மட்டும் ஒருத்தரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அது தொண்ணூற்றேழாம் வருசம். ஞானத்துக்கு முப்பத்தெட்டு வயது. கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பட்டர்வொர்த்தில் அண்ணன் விநாசித்தம்பியின் வீட்டில் இருந்துகொண்டு தினமும் ஃபெரி ஏறி வேலைக்குப் போய்வந்தாள். அண்ணன் ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவும் ரயில்வே கிராணி. அப்பாவின் அப்பாவும் அதே. அவர்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவருக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பேச்சை விடவில்லை. இன்னொன்றையும் விடவில்லை: வேலை என்றால் கதிரையில் உட்கார்ந்து செய்வது. கையில் மை படலாம், அழுக்குப் படக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் ஞானம் கணக்கில் புலி. படிப்பு முடிந்ததும் அப்பா அவளைக் கொண்டுபோய் டைப்பிங் கிளாஸில் விட்டார். உனக்கு என்ன பிடிக்கும் பிள்ளை என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். வக்கீல் ஆபீஸ் வேலையும் அப்பா பார்த்து வைத்ததுதான். கல்யாணம் பேசினார்கள், சாதகம் சரிவரவில்லை என்றார்கள், பேச்சு நின்றுபோனது. அதிலும் அவளை யாரும் கேட்கவில்லை. அவள் உடுத்துகிற சேலையின் நிறத்தைத் தவிர அவளாக எடுத்த முடிவு என்று அந்த வீட்டில் எதுவும் கிடையாது. சேலையிலும் கறுப்பு கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டிருந்தார்.

அந்த வருசத் தொடக்கத்தில் ஆபீஸில் எல்லா மேசைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்க ஒரு சீனப் பையன் நீல வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மற்ற டைப்பிஸ்டுகள் இதுதான் சாக்கென்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். ஞானம் மட்டும் வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது எங்கே போகிறது, அது ஏன் இந்தப் பெட்டிக்குள் போகிறது என்று கேட்டுக் கேட்டு அவனைப் படுத்தி எடுத்தாள். சாயங்காலம் அவள் மேசையிலிருந்து அனுப்பிய கடிதம் அடுத்த அறை பிரிண்டரில் வந்து விழுந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கைதட்டினாள். இருபது வருசம் டைப் அடித்து ஒரு நாள்கூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை.

ஆனால் பெரிய வக்கீல் ஒன்று சொன்னார். இனி இத்தனை டைப்பிஸ்டுகள் தேவைப்பட மாட்டார்கள், வருசக் கடைசியில் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

அப்போதுதான் புஷ்பவள்ளி வந்தாள். தீவில் சுங்கை பினாங்கில் இருக்கிறவள். ஞானத்தோடு ஒரே வகுப்பில் படித்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசர்.

"எங்க பேக்டரியில புதுக் கட்டடம் தொறக்கிறாங்க. கம்ப்யூட்டர் வயரெல்லாம் பாத்துக்க ஆள் தேடுறாங்க லா. நீ வந்து கேளு," என்றாள், அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டுகிற லாவோடு.

"எனக்கு ஆர் குடுப்பினம்? வயசைப் பாத்தே துரத்துவினம்."

"கேட்டாத்தானே தெரியும்? கேக்காமலே நீயே உன்னைத் துரத்துறியே, ஏண்டி?"

போனாள். மேனேஜர் லிம் பேச்சை இழுக்கிற ஆள் இல்லை. வயது எனக்குப் பிரச்சினை இல்லை, டைப்பிஸ்ட் என்பதும் பிரச்சினை இல்லை, ஆனால் உனக்கு இந்த வேலை தெரியும் என்பதற்கு என் மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்றார். நெட்வொர்க் சர்டிபிகேட்டில் முதல் பேப்பர் பாஸ் பண்ணினால் போதும். அக்டோபர் முடிவதற்குள் கொண்டு வந்தால் இடம் உனக்கு. இல்லாவிட்டால் காலேஜ் முடித்த பையன் ஒருத்தன் காத்திருக்கிறான், அவனைப் போட்டுவிடுவேன் என்றார்.

அந்தச் சர்டிபிகேட்டுக்கு இரண்டு வழி இருந்தது. கோம்தார் கட்டடத்தில் நடந்த ஒரு படிப்புக் கண்காட்சிக்குப் போய், பை நிறையத் துண்டுப் பிரசுரம் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். ஒன்று, காலேஜில் சேர்ந்து இரவு வகுப்பு. இரண்டு வருசம், வாத்தியார், அங்கி, தொப்பி, போட்டோ. மற்றது, புத்தகத்தை வாங்கு, நீயே படி, தயாரானதும் பரீட்சை நிலையத்துக்குப் போன் பண்ணி நாள் குறி, போய் எழுது. வாத்தியாரும் இல்லை, வகுப்பும் இல்லை. லிம்மின் அக்டோபருக்குள் முடிகிற வழி இது ஒன்றுதான்.

விநாசித்தம்பி அந்தப் பிரசுரங்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். அவர் ஏற்கனவே முடிவு பண்ணிவிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் அவரோடு கமிட்டியில் இருக்கிற தம்பு மாஸ்டர் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் காலேஜ் நடத்தினார். தங்கச்சியின் பெயரை அங்கே கொடுத்தாயிற்று.

"ரெண்டு வருசம் எண்டால் ரெண்டு வருசம். முறையாப் படி. டிப்ளோமாவை பிரேம் போட்டு அப்பான்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டுவம்," என்றார்.

"ரெண்டு வருசத்தில அந்த வேலை இருக்காது அண்ணை."

"அந்த வேலை என்ன வேலை? நான் விசாரிச்சனான். மேசைக்கு அடியில தவழ்ந்து வயர் இழுக்கிற வேலை. விநாசித்தம்பியின்ர தங்கச்சி மேசைக்கு அடியில தவழுறாள் எண்டு சங்கத்தில சொல்லச் சொல்லுறியோ?"

"சொல்லட்டும். நான் புத்தகத்தை வச்சு நானே படிக்கப் போறன்."

"குரு இல்லாத வித்தை குருட்டு வித்தை! கேள்விப்பட்டதில்லையோ? அதுவும் இந்த வயசில. அஞ்சில வளையாதது அம்பதில வளையுமோ?"

ஞானத்துக்கு எங்கிருந்துதான் அது வந்ததோ. "நான் அஞ்சிலயே வளைஞ்சிட்டன் அண்ணை. இப்ப நிமிரப் பாக்கிறன்," என்றாள்.

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அண்ணன் மனைவி, மச்சாள் கமலாம்பிகையின் கை நின்றது. அண்ணனிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசினதில்லை. விநாசித்தம்பி எழுந்து போய் ரேடியோவைப் பெரிதாகப் போட்டார். அதற்குப் பிறகு தம்பு மாஸ்டர் இரண்டு தரம் வீட்டுக்கே வந்து, தங்கச்சிக்கு இடம் வைத்திருக்கிறேன் என்றார். இரண்டு தரமும் ஞானம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வேண்டாம் மாஸ்டர் என்றாள்.

புத்தகத்தைச் சௌராஸ்தா பாசார் மாடியில் வாங்கினாள். அங்கே வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். ஷேக் அலாவுதீன் கடையில் அடுக்குக்கு அடியிலிருந்து உருவி எடுத்த புத்தகம் அம்மிக்கல் கனம் இருந்தது. ஃபெரியில் போகும்போதும் படித்தாள், வரும்போதும் படித்தாள். ஆபீஸில் தூக்கி எறிய வைத்திருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நடுவே வயர் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பேச வைத்தாள். மச்சாள் அந்த வயரில் தடுக்கி ரசப் பானையோடு விழப் பார்த்தாள்.

"இடியப்பம் பிழியிற மேசையில இதென்னடியம்மா கூத்து?" என்று கத்தினாள். அடுத்த நாள் காலையில் பார்த்தால், அந்த வயரைச் சுவரோரமாகத் தள்ளி மேலே பாயை விரித்துவிட்டிருந்தாள்.

ஆகஸ்டில் இடி விழுந்தது. நாள் குறிக்கப் போன் பண்ணியபோது பரீட்சை நிலையத்துப் பெண் கேட்டாள், நீங்கள் எந்தப் பதிப்புப் படிக்கிறீர்கள் என்று. ஞானம் முதல் பக்கத்தைப் பிரித்துச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, அது பழைய பேப்பருக்கானது மேடம், அந்தப் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள் என்றாள். மாதக்கணக்காகத் தலைகீழாகப் படித்ததில் பாதி செல்லாக்காசு. ஞானம் போனை வைத்துவிட்டு ஆபீஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதாள்.

வீட்டில் தெரிந்ததும் அண்ணன் சிரித்தார். "வாத்தியார் எண்டு ஒருத்தர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்," என்றார். அது உண்மைதான். உண்மை என்பதால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே சௌராஸ்தாவுக்குப் போய் அந்த அம்மிக்கல்லை ஷேக் அலாவுதீன் முன்னால் டொம்மென்று போட்டாள்.

"பழசை என் தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா பாய்?"

"தங்கச்சி, இது பழைய புத்தகக் கடைலா. பழசு விக்காம வேற என்ன விப்பேன்?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை என்று மாட்டியிருந்த போர்டைக் காட்டினால் காரியம் ஆகாது என்று தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் மச்சான் கடை இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி புதுப் பதிப்பு வந்தது. முந்தினதைவிடப் பருமன். ஒரு பேப்பருக்கில்லை, பின்னால் வருகிற பேப்பர்களுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். ஞானம் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.

பரீட்சைக்கு அக்டோபரில் ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை. அதை விட்டால் நவம்பர் நடுவில். நவம்பரில் பாஸ் பண்ணி என்ன, அந்தக் காலேஜ் பையன் அதற்குள் கதிரையில் உட்கார்ந்துவிடுவான். சரி என்று சொல்லிப் பெயரைப் பதிந்துவிட்டு வந்து மச்சாளிடம் சொன்னாள். மச்சாள் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"அடி ஞானம், அது விஜயதசமியெல்லோ. முதல் நாள் வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை."

இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தால் இதுதான் கதி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சரஸ்வதி பூசையன்று வீட்டிலுள்ள புத்தகம் எல்லாவற்றையும் கட்டிக் கும்பத்தடியில் வைப்பார்கள். அன்றைக்கு ஒரு எழுத்து படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. விஜயதசமியன்று பூசை முடிந்துதான் எடுக்கலாம். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகளுக்கு வருசத்தில் அது ஒரு நாள் சுதந்திரம். ஞானம் அந்த நாளில் ஒரு பத்திரிகைத் துண்டைக்கூடப் படித்தவள் இல்லை. வடை சுற்றி வந்த காகிதத்தையும் குப்புறப் போட்டுவிட்டுத்தான் தின்பாள்.

மச்சாளும் அவளும் ஒரு கணக்குப் போட்டார்கள். பூசைக்கு வேறு புத்தகங்களை வைக்கலாம். கும்பத்தடியில் வைக்காத புத்தகத்துக்குத் தோசமில்லை என்று வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடலாம். கடைசி அத்தியாயம்தான் அவளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி கொடுக்கிற கணக்கு. பரீட்சையில் கால்வாசிக் கேள்வி அதிலிருந்துதான் வரும் என்று புத்தகமே சொன்னது. பயிற்சிக் கேள்விகளும் அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் இருந்தன. புத்தகம் தூக்க முடியாத கனம் என்பதால் வெள்ளிக்கிழமை காலை அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அங்கேதான் பிழை விட்டாள்.

கடலுக்கு அப்பால் காடு எரிந்து அந்த மாதம் முழுக்க ஊரில் புகைமூட்டம். எதிர்க்கரை தெரியாமல் ஃபெரி சங்கு ஊதி ஊதி ஊர்ந்து வந்தது. ஞானம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஆட்கள் நிறைந்துவிட்டிருந்தார்கள். சங்கத்து ஆட்கள், அவர்களுடைய மனைவிமார், தம்பு மாஸ்டர். நடுவில் கும்பம், வாழைப்பழம், சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் புத்தகக் கட்டு. மேலே தேவாரப் புத்தகம், அதற்குக் கீழே ரயில்வே விதிமுறைப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய புது அம்மிக்கல். மஞ்சள் பட்டால் குறுக்கும் நெடுக்கும் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

சாப்பாட்டு மேசை வெறுமையாக இருந்தது. ஞானம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, நாளைக்கு எனக்குப் பரீட்சை. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். வீட்டில இருக்கிற புத்தகம் எல்லாம் வைக்கிறதுதானே முறை. ஒரு நாள் படிக்காட்டி என்ன குடியா முழுகிப்போகும்? எல்லாம் அம்மாள் பாத்துக்கொள்ளுவா."

"தெரிஞ்சுதான் வச்சனீங்களோ?"

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளிடம் போனார். ஞானம் சமையலறைக்குள் வந்தாள். மச்சாள் கடலைச் சட்டியைக் கிளறிக்கொண்டே, "நான் சொன்னனான் ஞானம், வைக்க வேண்டாம் எண்டு. கேட்டால்தானே," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் அவளைத் தடுக்கவில்லை, அதுதான் விசயம். கதவைப் பூட்டவில்லை, புத்தகத்தைக் கிழிக்கவில்லை. அவருக்கு அவளை நன்றாகத் தெரியும். கும்பத்தடியில் வைத்தால் போதும், இவள் கை நீட்ட மாட்டாள் என்று தெரியும். முப்பத்தெட்டு வருசமாக இவள் எந்தக் கும்பத்துக்கு எதிரே கை நீட்டியிருக்கிறாள்? நாளைக்குத் தோற்றுவிட்டு வந்து, திங்கட்கிழமை தம்பு மாஸ்டரின் மாடிக்குப் படியேறுவாள். இதெல்லாம் ஞானத்துக்கு விளங்கிவிட்டது.

முகம் கழுவினாள். சேலை மாற்றினாள். பூசை நடந்தது. வழக்கம்போல அவளைத்தான் பாடச் சொன்னார்கள், பாடினாள். தீபம் காட்டி முடிந்து எல்லாரும் திருநீறு பூசினார்கள். கடலையும் அவலும் கைக்கு வந்தன. தம்பு மாஸ்டர், தங்கச்சியின் குரலுக்கே ஒரு டிப்ளோமா கொடுக்கலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஞானம் எழுந்து கும்பத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டாள். கும்பிட்டாள். பிறகு பட்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

சிரிப்பு நின்றது. கடலையை மென்ற வாய்கள் அப்படியே நின்றன. அவள் தேவாரத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். ரயில்வேயை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அம்மிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். அட்டையில் குங்குமமும் ஒரு செம்பருத்தி இதழும் ஒட்டியிருந்தன.

"ஞானம்! வை அதை!" என்றார் விநாசித்தம்பி.

"இல்லை அண்ணை."

"சரஸ்வதி பூசையில புத்தகத்தைத் தொடுறியோ? அபசாரமடி! விளங்காமப் போவாய்!"

ஞானம் படத்தைக் காட்டினாள்.

"அவவைப் பாருங்கோ. அவவின்ர கையில என்ன இருக்கு? புத்தகம். இண்டைக்கு அவவின்ர பூசை. அவவே அதைக் கீழ வைக்கேல்லை. அவ வைக்கட்டும், நானும் வைக்கிறன்."

ஒரு கிழவர், யார் என்று சொல்ல மாட்டேன், தன்னையறியாமல் படத்தை உற்றுப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள் அம்மாள். இத்தனை வருசம் கும்பிட்டதில் யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

விநாசித்தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ர வீட்டில இருந்துகொண்டு இதைப் படிக்க விடமாட்டன்," என்றார்.

"அப்ப வீட்டுக்கு வெளியில படிக்கிறன்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. கேட்டைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஐயோ, கூப்பிடத்தான் வருகிறாள் என்று ஞானம் நினைத்தாள்.

"கண்ணாடியை விட்டிட்டுப் போறியே, மூதேசி," என்று மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவள் கையில் திணித்துவிட்டு மச்சாள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஃபெரியில் புகைக்குள் விளக்கு மங்கலாக எரிந்தது. ஞானம் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. புகையா அழுகையா என்று யார் கண்டது. பயமாகத்தான் இருந்தது. அம்மாள் கோபிப்பாளோ என்ற பயம் ஒரு பக்கம், நாளைக்குத் தோற்றால் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது என்ற பயம் மறு பக்கம். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. சுங்கை பினாங்கில் புஷ்பவள்ளி கதவைத் திறந்து, அவளையும் அவள் புத்தகத்தையும் பார்த்தாள். மேசையைத் துடைத்துவிட்டு, "உக்காருலா, கோப்பி போடுறேன்," என்றாள்.

மறுநாள் பரீட்சை ஒரு சின்ன அறையில், ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால். கேள்வி திரையில் வரும், பதிலை அழுத்த வேண்டும். முதல் கேள்வியே முகவரிக் கணக்கு. அங்கே கொடுத்திருந்த தாளில் ஞானம் அந்த எண்ணைத் துண்டு போட்டாள். சரியாக வந்தது. அடுத்தது வரவில்லை, விட்டுவிட்டுத் தாண்டினாள். நடுவில் ஒரு இடத்தில் எல்லாம் மறந்துபோய்த் திரையே வெறுமையாகத் தெரிந்தது. அப்போது அண்ணன் சொன்ன குருட்டு வித்தை காதில் கேட்டது. வந்த கோபத்தில் மறந்தது திரும்பி வந்தது. கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். கம்ப்யூட்டர் யோசித்தது, யோசித்தது, பிறகு சொன்னது. பாஸ். மார்க் ஒன்றும் ஊரைக் கூட்டிக் காட்டுகிற மார்க் இல்லை. மயிரிழையில்தான். மயிரிழை என்றாலும் பாஸ் பாஸ்தானே!

அங்கிருந்தே லிம்முக்குப் போன் பண்ணினாள். அவர், நல்லது, நவம்பர் முதல் வா, பழைய சிலுவார், காற்சட்டைதான், போட்டுக்கொண்டு வா, அழுக்காகும் என்றார். பிறகுதான் ஞானம் ஃபெரி ஏறினாள்.

வீட்டில் விநாசித்தம்பி முன்னறையில் கதிரையில் இருந்தார். விஜயதசமிப் பூசை முடிந்திருந்தது. தேவாரத்தையும் ரயில்வேயையும் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் பட்டு மட்டும் படத்துக்கு முன்னால் கிடந்தது. ஞானம் உள்ளே வந்து புத்தகத்தோடு நின்றாள். மச்சாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸோ?" என்றார் அண்ணன், அவளைப் பார்க்காமல்.

"பாஸ்."

மச்சாள் "அம்மாளாச்சி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் நிமிர்ந்து அம்மாள் படத்தைப் பார்த்தார். பிறகு, "அவதான் காப்பாத்தியிருக்கிறா. நேற்று முழுக்கப் புத்தகம் அவவின்ர காலடியில இருந்ததுதானே," என்றார்.

"அவவும்தான். ஆனா பதில் போட்டது நான் அண்ணை."

"அப்ப போகத்தான் போறாய். மேசைக்கு அடியில."

"ஓம் அண்ணை, மேசைக்கு அடியிலதான். மேசைக்கு மேல இருபது வருசம் இருந்து பாத்திட்டன்."

அவர் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். வயதான மனுசன், ஊர் நடுவில் தலைகுனிந்தவர், அவருக்கும் வலித்திருக்கும். ஞானத்துக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவள் வாய் வரவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"சரி," என்றார் கடைசியில். "இப்பவாவது அதை எடுத்த இடத்தில வை. ஒரு தரம் வச்சு எடுத்தால் குறையில்லை."

அது ஞானத்துக்கும் சரியாகப்பட்டது. அவளுக்கு அம்மாளோடு ஒரு சண்டையும் இல்லை. முழந்தாளிட்டு அம்மிக்கல்லைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண் திறந்தபோது பக்கத்தில் அண்ணன் குனிந்து அந்த மஞ்சள் பட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டுகிற மாதிரி, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று என்று புத்தகத்தின் அடியில் நுழைக்கப் போனார்.

"கட்டாதேங்கோ அண்ணை," என்றாள்.

"ஏன்?"

"இது முதல் பேப்பர்தான். மிச்சத்துக்கும் இதே புத்தகம். நாளைக்குக் காலமை எனக்கு வேணும்."

விநாசித்தம்பி பட்டும் கையுமாக நின்றார். பிறகு அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.